நின்ற கார் ஏன் நடுங்குகிறது?

இங்கிலாந்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நவம்பர் மாதத் தொடக்கம். வீட்டுக்காரர் தமது பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கழுவித் துடைத்து, ஷெட்டுக்குள் நிறுத்தி, மேலே துணி போர்த்துகிறார். குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுவார்கள். உப்புநீர் பட்டால் காரின் அடித்தகடு துருப்பிடித்துவிடும். அதனால்தான் இந்த முன்னெச்சரிக்கை.

ஏப்ரல் பிறக்கிறது. வெயில் எட்டிப் பார்க்கிறது. அவர் துணியை நீக்கிவிட்டுச் சாவியைத் திருப்புகிறார். மூன்று நான்கு முயற்சிகளுக்குப் பிறகு எஞ்சின் கிளம்புகிறது. ஆனால் நவம்பரில் சீராக ஓடிய எஞ்சின் இப்போது விட்டுவிட்டு ஓடுகிறது. கியர்க் கம்பி நடுங்குகிறது, கண்ணாடிகள் அதிர்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓட்டம் சீராகிறது. காலை எடுத்தால் மறுபடியும் நடுக்கம். சில வேளை எஞ்சின் நின்றே போகிறது.

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கார்புரேட்டரிலுள்ள திருகு ஒன்றைக் கொஞ்சம் திருப்புகிறார். தேவலை போலத் தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம் திருப்புகிறார். பிறகு அடுத்த திருகு. மாலைக்குள் எல்லாத் திருகுகளும் இடம் மாறிவிடுகின்றன. கார் காலையில் இருந்ததைவிட மோசமாகிவிடுகிறது.

ஒரு மைல்கூட ஓடாத காரில் பழுது எங்கிருந்து வந்தது? வேகமாக ஓடும்போது தெரியாத கோளாறு மெதுவாக ஓடும்போது மட்டும் தெரிவானேன்? திருகைத் திருப்பியும் ஏன் பயனில்லை? இவற்றுக்கு விடை காண்போம். உங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமல் இருக்கலாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்த பழைய ஸ்கூட்டர் இருந்தால் போதும். காரணங்கள் பெரும்பாலும் இவையேதாம்.

நமக்கு அறிமுகமான எஞ்சின்

நாம் எடுத்துக்கொள்ளும் கார் எம்.ஜி.பி. என்பது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அவற்றுள் பல இன்றும் அன்போடு பாதுகாக்கப்பட்டு, ஆண்டில் சில நாட்கள் மட்டும் சாலைக்கு வருகின்றன. எனவே நம் ஆராய்ச்சிக்கு ஏற்ற கார் இது.

இதன் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. கொள்ளளவு 1798 கன செ.மீ. 'பி சீரிஸ்' என்ற எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் 1489 கன செ.மீ. எஞ்சின்தான் நம் நாட்டு அம்பாசடர் காரில் பல ஆண்டுகள் இருந்தது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் பழைய அம்பாசடரின் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் எம்.ஜி.பி.யின் மூடியைத் திறந்தால் உறவு முறையை உடனே கண்டுகொள்வார்கள். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஐரோப்பாவில் விற்ற எம்.ஜி.பி. கார்களில் இரண்டு கார்புரேட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முன்னது 1, 2 ஆகிய சிலிண்டர்களுக்கும், பின்னது 3, 4 ஆகியவற்றுக்கும் முக்கியமாகக் கலவை தருகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

வெற்றோட்டம் ஒரு பரீட்சை

காரை நகர்த்தாமல், ஆக்சிலரேட்டரையும் மிதிக்காமல் எஞ்சினை மட்டும் ஓடவிடுவதை மெக்கானிக்குகள் 'ஐடிலிங்' என்பார்கள். நாம் அதை வெற்றோட்டம் என்போம். ஒரு வேலையும் செய்யாத நேரம் அல்லவா, எஞ்சினுக்கு அது ஓய்வு நேரம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் எஞ்சினுக்கு மிகக் கடினமான நேரம் அதுவே. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெற்றோட்டத்தில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றுகள் சுற்றுகிறது என்று கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். எனவே நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,500 வெடிப்புகள்; அதாவது விநாடிக்கு 25. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 40 மில்லி விநாடி இடைவெளி. ஒரு வெடிப்புத் தவறிவிட்டால் இடைவெளி 80 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருப்பது பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் சேர்ந்துள்ள ஆற்றலே.

இப்போது 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினைப் பாருங்கள். வேகம் நான்கு மடங்கு. வெடிப்புகளின் இடைவெளி 10 மில்லி விநாடியாகச் சுருங்குகிறது. சுழலும் சக்கரத்தின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஆகவே ஆற்றல் நான்கு மடங்கல்ல, பதினாறு மடங்கு. ஒன்றிரண்டு வெடிப்புகள் தவறினாலும் சக்கரம் அதை விழுங்கிவிடும். வெற்றோட்டத்தில் அதே தவறு காரையே உலுக்கிவிடும்.

காற்றின் கணக்கும் இப்படித்தான். வெற்றோட்டத்தில் கார்புரேட்டரின் திராட்டில் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. ஒரு மயிரிழைச் சந்து வழியாகவே காற்று நுழைகிறது. உள்ளே அழுத்தம் வெளி அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 750 சுற்றில் எஞ்சின் நிமிடத்துக்கு உறிஞ்சும் காற்று சுமார் 225 லிட்டர். 3,000 சுற்றில் கதவு முழுதும் திறந்திருந்தால் 2,000 லிட்டருக்கு மேல். இப்போது எங்கோ ஒரு ரப்பர்க் குழாயில் வெடிப்பு விழுந்து, நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றுத் திருட்டுத்தனமாக உள்ளே புகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக ஓட்டத்தில் அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. வெற்றோட்டத்திலோ பத்தில் ஒரு பங்கு!

பெட்ரோலின் அளவோ இன்னும் நுண்மையானது. பெட்ரோல் முழுதும் எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. 225 லிட்டர் காற்றுக்குச் சேர வேண்டிய பெட்ரோல் 25 மில்லி லிட்டர். அதை 1,500 வெடிப்புகளுக்குப் பங்கிட்டால், ஒரு வெடிப்புக்குக் கிடைப்பது ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய அளவைப் பிசகாமல் தர வேண்டிய கருவியில் ஒரு துளி பிசின் ஒட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே வெற்றோட்ட நடுக்கம் தனியான ஒரு நோயன்று. எஞ்சினில் எங்கோ உள்ள சிறு குறையை அது உருப்பெருக்கிக் கண்ணாடி போலக் காட்டுகிறது.

சும்மா இருந்தால் என்ன கெடும்?

எஞ்சின் சீராக ஓட நான்கு பொருள்கள் வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம். கார் சும்மா நிற்கும்போது இந்த நான்குமே கெடுகின்றன.

முதலில் பெட்ரோல். அது ஒரே பொருளன்று. சுமார் 30 பாகை செல்சியஸ் முதல் 200 பாகை வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் கொதிக்கும் பல நீர்மங்களின் கலவை. குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உதவுபவை எளிதில் ஆவியாகும் பகுதிகள். காற்றுப் புகும் டாங்கிலும் கார்புரேட்டரின் கிண்ணத்திலும் முதலில் பறந்துபோவன அவைதாம். மிஞ்சிய பகுதி காற்றின் ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பிசினாக மாறுகிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றினால் அடியில் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போலப் படிந்திருப்பது இதுவே.

இந்தக் காலத்துப் பெட்ரோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. இந்தியாவில் 2025-இல் இக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலுக்கு நீரின்மேல் நாட்டம் அதிகம். ஈரக் காற்றிலிருந்து நீரை ஈர்த்துக்கொள்ளும். 10 விழுக்காடு எத்தனால் உள்ள பெட்ரோல் ஏறத்தாழ அரை விழுக்காடு நீரைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குக் குழாய் போவதும் அடியிலிருந்துதானே? முதலில் போய்ச் சேருவது அந்த நீர்க்கலவைதான். எத்தனாலை மனத்தில் கொள்ளாமல் செய்த பழைய ரப்பர்க் குழாய்களும் மிதவை வால்வின் ரப்பர் நுனியும் அதில் ஊறி இளகிவிடுகின்றன.

இரண்டாவது, காற்று. பெட்ரோல் படாத ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள காஸ்கட்டுகளும் காய்ந்து, சுருங்கி, வெடிப்பு விடுகின்றன. திருட்டுக் காற்று நுழைவது இங்கேதான்.

மூன்றாவது, தீப்பொறி. ஈயப் பாட்டரி சும்மா இருந்தாலும் தானே மின்சாரத்தை இழக்கும். டிஸ்டிரிப்யூட்டரில் உள்ள பாயிண்ட்டுகளின் மேல் ஈரத்தால் ஆக்சைடு படலம் படிகிறது. டிஸ்டிரிப்யூட்டர் மூடிக்குள் ஈரம் தங்கினால், தீப்பொறிக்குரிய மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும்.

நான்காவது, அழுத்தம். எஞ்சின் நிற்கும்போது ஏதேனும் ஒரு சிலிண்டரின் வால்வு திறந்த நிலையில் இருக்கும். அதன் வழியே மாதக்கணக்கில் ஈரக் காற்று உள்ளே போய்வரும். வால்வு உட்காரும் வளையத்தில் மெல்லிய துரு படியலாம். வால்வின் தண்டு அதன் வழிகாட்டியில் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

பாருங்கள், ஓடாத காரில் இத்தனை வேலை நடந்திருக்கிறது! ஓட்டுவது மட்டுமே தேய்மானம் என்று எண்ணுவது தவறு.

சோதிக்கும் முறை

இனி நம் வீட்டுக்காரர் செய்திருக்க வேண்டியதைப் பார்ப்போம். இதில் இரண்டு விதிகள் உண்டு. எளிதான சோதனையை முதலில் செய்க. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதும் பலனைக் குறித்துக்கொள்க. வேதியியல் கூடத்தில் உப்பைச் சோதிக்கும்போது நீங்கள் கைக்கொள்ளும் அதே ஒழுங்குதான்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஓர் எச்சரிக்கை. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பலர் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். காரை வெளியே தள்ளிக் கொண்டுவந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்கும் அசட்டுத்தனம் கூடவே கூடாது.

முதல் படி, காது கொடுத்துக் கேட்பது. எம்.ஜி.பி.யில் பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. காரின் பின்பகுதியில் இருக்கிறது. சாவியைப் பாதி திருப்பியதும் 'டிக் டிக்' என்று சில விநாடிகள் அடித்துவிட்டு, கார்புரேட்டர்க் கிண்ணங்கள் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். ஒலியே இல்லையென்றால் பம்பின் மின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது குழாயில் காற்றுப் புகுகிறது, அல்லது மிதவை வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. வழிந்தால் வாடையே காட்டிக்கொடுக்கும். உடனே நிறுத்திச் சரிசெய்க.

இரண்டாம் படி, பழைய பெட்ரோலைப் போக்குவது. ஒரு கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். புதிய பெட்ரோல் தெளிவாக இருக்கும். கலங்கியிருந்தாலோ, அடியில் தனிப் படலம் தெரிந்தாலோ, பழைய வார்னிஷ் வாடை வீசினாலோ முழுவதையும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுக. கிண்ணங்களையும் பில்டரையும் சுத்தம் செய்க. பல கார்களின் நடுக்கம் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி, எஞ்சினைச் சூடேற்றுவது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதனால்தான் சோக் என்னும் ஏற்பாடு. சோக்கை உள்ளே தள்ளி, எஞ்சின் நன்கு சூடான பிறகே வெற்றோட்டத்தைப் பற்றி முடிவு கட்ட வேண்டும். குளிர்ந்த எஞ்சினைப் பார்த்துத் திருகைத் திருப்புவது, தூங்கி எழுந்தவனுக்கு ஓட்டப்பந்தயம் வைப்பது போன்றது.

நான்காம் படி, தீப்பொறி. பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்க. டிஸ்டிரிப்யூட்டர் மூடியை உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, கரிக்கோடு போல விரிசல் உள்ளதா என்று பாருங்கள். பாயிண்ட்டுகளைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்கவும். பிளக்கின் இடைவெளி சுமார் 0.63 மி.மீ. இருக்க வேண்டும்.

பிளக்குகளைக் கழற்றும்போது சிலிண்டர் வரிசைப்படியே மேசைமேல் வைத்து நிறத்தைக் கவனியுங்கள். இளம் பழுப்பு நிறமானால் நலம். கரிப் பிடித்துக் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய் பிசுபிசுத்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே புகுகிறது. 1, 2 ஒரு நிறமாகவும் 3, 4 வேறு நிறமாகவும் இருந்தால் என்ன பொருள்? இரண்டு கார்புரேட்டர்களை நினைவில் வைக்கச் சொன்னோமே, நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஐந்தாம் படி, குற்றவாளிச் சிலிண்டரைப் பிடிப்பது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு பிளக்கின் வயரை மட்டும் கழற்றி, எஞ்சினின் உலோகப் பகுதியோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். ஓட்டம் மேலும் மோசமானால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுவே சோம்பேறி! எஞ்சினை நிறுத்தி, வயரை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் பிடுங்கக் கூடாது. அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டு. எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள கார்களில் இச்சோதனையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி, திருட்டுக் காற்று. ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்புரேட்டர் இணைப்புகள், டிஸ்டிரிப்யூட்டருக்குப் போகும் சிறு குழாய், எஞ்சின் புகையைக் கார்புரேட்டருக்குக் கொண்டுவரும் குழாய் ஆகியவற்றின் அருகே நகர்த்துங்கள். 'உஸ்' என்று கேட்கும் இடமே ஓட்டை. சந்தேகப்பட்ட இணைப்பில் கெட்டியான எண்ணெயைச் சிறு தூரிகையால் தடவுங்கள். எண்ணெய் ஓட்டையை ஒரு கணம் அடைக்கும். எஞ்சினின் ஓசை மாறும். ஐயம் தீர்ந்தது.

கடைசியில்தான் கார்புரேட்டர்

இத்தனைக்கும் பிறகு நடுக்கம் மிஞ்சினால் கார்புரேட்டரைத் தொடலாம். எம்.ஜி.பி.யில் உள்ளவை எஸ்.யூ. வகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய வகை இது. ஸ்கின்னர் யூனியன் என்பதன் முதலெழுத்துகளே எஸ்.யூ. ஆயின. இதில் ஒரு பிஸ்டன் காற்றோட்டத்துக்கு ஏற்பத் தானே ஏறி இறங்கும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசி, ஜெட் என்னும் துளைக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் ஏற ஏற ஊசியும் மேலெழுந்து பெட்ரோலுக்கு வழி விரியும். எவ்வளவு எளிய, அழகான ஏற்பாடு!

மாதக்கணக்கில் நின்ற காரில் இந்தப் பிஸ்டன் பிசினால் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நிற்கும்போது விரலால் அதை மெல்ல உயர்த்தி விட்டுவிடுங்கள். 'டக்' என்ற ஓசையோடு அடியில் வந்து உட்கார வேண்டும். பாதியில் தங்கினால் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி. திருகால் அது தீராது.

பிஸ்டன் தாராளமாக இயங்கினால் கலவையைச் சோதிக்கலாம். எஞ்சின் சூடாக வெற்றோட்டத்தில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் உயர்ந்து அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். வேகம் விழுந்தால், அல்லது எஞ்சின் நின்றால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் சற்றே உயர்ந்து பழைய வேகத்துக்குத் திரும்பினால் கலவை சரி. பிறகு ரப்பர்க் குழாயால் இரண்டு கார்புரேட்டர்களின் மூச்சொலியையும் கேட்டு, இரண்டும் சம அளவு காற்று இழுக்குமாறு திராட்டில் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பினால், அழுத்தமானியைப் பிளக் துளையில் பொருத்தி நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும். மற்றவற்றைவிட ஒன்று மிகக் குறைந்திருந்தால் குறை வால்விலோ பிஸ்டன் வளையத்திலோ இருக்கிறது. அப்போது எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்த கைதான் வேண்டும்.

திருகை முதலில் தொட்டால் என்ன?

நம் வீட்டுக்காரருக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம். முன் கார்புரேட்டரின் காஸ்கட்டில் கசிவு. 1, 2 ஆகிய சிலிண்டர்களுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதனால் நடுக்கம். அவர் இரண்டு கார்புரேட்டர்களிலும் பெட்ரோலைக் கூட்டினார். 1, 2 கொஞ்சம் தேறின. தேவலை போலத் தோன்றியது. ஆனால் நன்றாக இருந்த 3, 4 ஆகியவற்றில் பெட்ரோல் மிகுந்து பிளக்குகள் கரிப் பிடித்தன. மறுபடி நடுக்கம். அதைப் போக்க அடுத்த திருகு. முதலில் ஒரு கோளாறு, மாலையில் மூன்று. காஸ்கட்டோ இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரு தவறை இன்னொரு தவறால் ஈடுகட்டினால் விடை சில வேளை சரியாக வரும், வழி தவறானதே. கணக்கில் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார். எஞ்சினோ அடுத்த மேட்டில் காட்டிக்கொடுக்கும். திருகைத் திருப்புவதற்கு முன், அது எத்தனை சுற்று எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பழைய நிலைக்காவது திரும்பலாம்.

கார்புரேட்டர் இல்லாத புதுக் கார்களுக்கு இது பொருந்துமா? பொருந்தும். அவற்றில் பெட்ரோலை நுண் துளைக் குழல்கள் தெளிக்கின்றன. அளவைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. ஓரளவு திருட்டுக் காற்றைக் கணிப்பொறியே ஈடுகட்டிவிடும். எனினும் துளைகள் அடைபட்டாலோ திராட்டில் கதவில் கரி படிந்தாலோ நடுக்கம் வரத்தான் செய்யும். பெட்ரோல், காற்று, தீப்பொறி, அழுத்தம் என்ற நான்கு கேள்விகளும் அங்கும் அவைதாம்.

வாரம் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதுமா?

பலர் நல்லெண்ணத்தோடு இப்படிச் செய்கிறார்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இது நன்மையைவிடத் தீமையே செய்யும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? சூடான எஞ்சினில் அது ஆவியாக வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் எண்ணெயோ புகைக்குழாயோ முழுதும் சூடாவதில்லை. நீராவி குளிர்ந்து எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். துருவுக்கு நாமே தண்ணீர் வார்த்ததாகும். கிளப்பும்போது பாட்டரி இழந்த மின்சாரமும் அந்த ஐந்து நிமிடத்தில் முழுதும் திரும்பாது.

ஓட்டுவதானால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். முடியாதென்றால் கிளப்பாமலே முறையாக நிறுத்தி வையுங்கள். டாங்க் நிறைந்திருந்தால் ஈரக் காற்றுக்கு இடம் குறையும். கிடைத்தால் எத்தனால் குறைந்த பெட்ரோலையே ஊற்றுங்கள். கார்புரேட்டர்க் கிண்ணங்களை வடித்துவிடுங்கள். எண்ணெயை மாற்றுங்கள். பாட்டரியைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள்.

பொறியை அன்போடு மூடி வைப்பது மட்டும் பாதுகாப்பாகாது. துணிக்கு அடியில் ஆக்சிஜனும் ஈரமும் தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். அடுத்த முறை உங்கள் வீட்டு வண்டி நின்ற இடத்தில் நடுங்கினால், ஸ்குரூ டிரைவரைத் தேடுவதற்கு முன் ஒரு சீசாவில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கக்கூடும்.